கெர்னல் கமெண்ட்டுகளைத் திருத்துவது பற்றி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை உருவாக்கும் பணிக்குள் எப்படி நுழைவது என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் கேட்கும்போது, நிரலுக்குள் விளக்கமாக எழுதப்படும் கமெண்ட்டுகளைத் திருத்துவதிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன். அதைக் கேட்டதும் பலர் எழுத்துப்பிழைகளைத் தேடப் போய்விடுகிறார்கள். அதுவும் தேவையான வேலைதான். அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியல் ஒன்றே கெர்னலுடன் வருகிறது, திருத்தங்களைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி அதை வைத்துச் சரிபார்க்கிறது. ஆனால் என் கவலையெல்லாம், நிரல் ஒன்றைச் செய்ய, அதன் தலைமேல் இருக்கும் கமெண்ட் வேறொன்றைச் சொல்லும் இடங்களைப் பற்றியது.

“கோடு ஓடத்தானே செய்யுது அண்ணே, கமெண்ட் தப்பா இருந்தா என்ன?” என்று தக்கலை மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நினைவகம் கிடைக்காவிட்டால் வெற்று பாயின்டர் (எந்த இடத்தையும் சுட்டாத முகவரி) திரும்பும் என்று ஒரு ஃபங்ஷனின் கமெண்ட் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பிற்பாடு யாரோ அந்த ஃபங்ஷனை மாற்றி, பிழை எண்ணையே பாயின்டர் வடிவில் திருப்பும்படி செய்கிறார். முகவரிகளின் மேல்கோடியில் 4095 மதிப்புகளை லினக்ஸ் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. கமெண்ட் மட்டும் பழையபடியே நிற்கிறது. அதை நம்பி, வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரலை எழுதுபவர், பாயின்டர் வெற்றா என்று மட்டும் பார்க்கிறார். நினைவகப் பற்றாக்குறைக்கான எண் -12, அது வெற்று அல்ல என்பதால் சோதனையைத் தாண்டிப் போகிறது. அந்த முகவரியைத் தொட்டதும் கெர்னல் ஊப்ஸ் அடிக்கிறது, அதாவது கடும் பிழை என்று அறிவிக்கிறது. நினைவகம் தீர்ந்துபோவது அபூர்வம் என்பதால் சாதாரணச் சோதனைகளில் இது சிக்குவதே இல்லை.

கருவிகள் ஓரளவுக்குத்தான் உதவும். சாய்கோடும் இரண்டு நட்சத்திரங்களுமாகத் தொடங்கும் கமெண்ட்டுகளைக் கெர்னல்-டாக் என்ற கருவி படித்து, 2016 முதல் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவண மென்பொருள் வழியாக ஆவணப் பக்கங்களாக்குகிறது. ஒரு அளவுருவின் பெயர் மாறியும் கமெண்ட் மாறவில்லை என்றால் எச்சரிக்கவும் செய்கிறது. ஆனால் சொல்லப்பட்டது உண்மையா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஃபங்ஷனின் ஒவ்வொரு ரிட்டர்னையும், அதை அழைக்கும் இடங்களையும், ஒவ்வொரு வரியும் எப்போது மாறியது என்று கிட் பிளேம் கட்டளை காட்டும் பழைய கமிட்டுகளையும் (பதிவான மாற்றங்களையும்) மனிதர்தான் படித்தாக வேண்டும்.

அப்படிப் படிக்கும்போது சில வேளைகளில் கமெண்ட் சரியாகவும் நிரல் தவறாகவும் இருப்பது தெரியவரும். அங்கே கமெண்ட்டை மாற்றினால் பிழைக்கு அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும். எது எழுதியவரின் நோக்கம் என்பதை அழைப்பவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் அவசரமே கூடாது. ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் காக்கும் லாக் பற்றிய கமெண்ட்டுகளுக்கு இன்னும் நல்ல வழி உண்டு: “இந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு அழைக்கவும்” என்று எழுதுவதோடு நிற்காமல், லாக்குகளைக் கண்காணிக்கும் லாக்டெப்பின் அசெர்ட் என்ற சோதனை வரியையும் சேர்த்துவிட்டால், லாக்டெப் இயங்கும் கெர்னலில் விதியை மீறும் அழைப்பு உடனே எச்சரிக்கையாக வெளிவரும்.

பேட்ச் (திருத்தத்தின் கோப்பு) அனுப்பும்போது ஒரே வரித் திருத்தமாக இருந்தாலும், நிரலும் கமெண்ட்டும் எந்த மாற்றத்தில் பிரிந்தன என்பதைக் கமிட் செய்தியில் விளக்கச் சொல்கிறேன். அந்தப் பழைய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளை ஃபிக்சஸ் (Fixes:) என்று தொடங்கும் வரியில் கொடுத்துவிட்டால், பராமரிப்பாளர் நேரே அங்கே போய்ச் சரிபார்த்துக்கொள்வார்.