மூக்கு தெளிவு, கண் மங்கல்: கேமராவோடு மூன்று வாரம்

50 மிமீ லென்ஸில் எடுத்த முகப் படங்களில் பாதிக்கு மேல் கண் மங்கலாகவே வந்துகொண்டிருந்தது. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்தேன். சரி, முதலில் சோதித்துவிடுவோம் என்று கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து, புத்தக அட்டையில் ஃபோகஸ் செய்து, 2 விநாடி டைமரில் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டைக்கு நேராக இருந்த கோடு பத்திலும் கூர்மை. லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால், என் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் கொண்ட) கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செமீதான். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டிருந்தேன், அது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடித்துவிடும், மூக்கையோ முன்னால் விழுந்த முடியையோ. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதை நகர்த்திக் கண்ணின் மேலேயே வைத்தேன். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழக்கத்தையும் விட்டேன், இவ்வளவு குறைந்த ஆழத்தில் அந்தத் திருப்பலே ஃபோகஸைத் தப்பவைக்கும். துளையைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

அப்புறம் பழைய படங்களைத் திரும்பப் பார்த்தேன். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இதற்கும் ஃபோகஸுக்கும் சம்பந்தமே இல்லை, துள்ளும் குழந்தைகளை 1/60 விநாடி ஷட்டரில் எடுத்திருக்கிறேன்! இப்போது ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) ஆட்டோவில் விட்டு, ஷட்டரை 1/250க்குக் கீழே இறங்கவிடுவதில்லை. படத்தில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வந்தால் வரட்டும், பின்னால் குறைக்கலாம்; கலைந்த முகத்தை மீட்க வழியில்லை.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு விழும் வெளிச்ச அளவில், என்னைப் படுத்தியது வெள்ளைப் பூனை. ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறமாக வந்தது. கேமராவின் ஒளி மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், அதனால் வெள்ளைக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். +1 வைத்ததும் பூனை வெள்ளையானது. ஜன்னலுக்கு முன் நிற்பவருக்கு முகத்தில் ஸ்பாட் மீட்டரிங், அந்தச் சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் முறை. திரையின் வெளிச்சத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து வெளிச்சம்வரை படத்தின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்க்கிறேன், வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளையில் விவரம் போய்விட்டது என்று அர்த்தம்.

நேற்று 40 படம் எடுத்ததில் கண் தப்பியது 5. ஐந்துமே ஆள் முன்னால் சாய்ந்தபோது எடுத்தவை, அடுத்து, ஆள் நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வைத்து எடுத்துப் பார்க்கிறேன்.