ஆடியிலிருந்து ஐப்பசி வரை: ஊத்துக்குளியிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வீட்டில் எல்லாரும் பவானி கூடுதுறைக்குப் போயிருக்கிறார்கள். நான் மட்டும் ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) லேப்டாப்போடு. நாளை ராத்திரி ஏழரைக்குள் 32 விவரம் போய்ச் சேர வேண்டும். நமக்கு ஏழரை என்றால் டெக்சாஸில் காலை ஒன்பது; அவர்கள் காபியோடு உட்காரும்போது கையில் இருக்க வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒன்பது வருஷம் துணி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையன் பிறந்ததும் விட்டேன். நாலு வருஷமாக வீட்டிலிருந்தே எழுத்து வேலை. டெக்சாஸில் குழந்தைத் துணி விற்கும் ஒரு சின்ன பிராண்டுக்குப் பொருள் விவரம் (ஒவ்வொரு துணியைப் பற்றியும் வாங்குகிறவர்கள் படிக்கும் குறிப்பு), ஐரோப்பாவில் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு ஆங்கிலத்திலிருந்து தமிழ், அப்புறம் கிண்டிலில் ஒரு தமிழ் மின்னூல். நூறு ரூபாய் வந்தால் எழுபது டெக்சாஸிலிருந்துதான்.

"எங்கிருந்து வேணா பண்ணலாமாமே, குடுத்து வெச்சவ" என்று போன வாரம் ஒரம்பரை (விருந்தாளியாக) வந்த நங்கையா (அண்ணி) சொன்னார். பண்ணலாம்தான். ஆனால் எனக்கு இந்த வேலை கிடைத்ததே திருப்பூரால்தான். பனியன் துணி ரகங்களில் சிங்கிள் ஜெர்சி எது, இன்டர்லாக் எது என்று தெரியாமலே குழந்தைச் சட்டைக்கு 'மென்மையானது, வசதியானது' என்று எழுதித் தள்ளுகிறவர்கள் ஆயிரம் பேர். கழுத்துக்கு ஏன் இழுபடும் ரிப் துணி போடுகிறார்கள், இரண்டு தடவை துவைத்த பிறகு நீளத்தில் எவ்வளவு சுருங்கும், இதை எழுத ஆள் தேடினார்கள். அகப்பட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 25 சதவீதம் கூடுதல் வரி. இன்னொரு 25, இருபத்தேழாம் தேதியிலிருந்து.

வீட்டுக்காரர் சோத்துத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார். காட்டன் டீ-சர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் சுங்கம் உண்டு. நாலு டாலர் சட்டைக்கு முன்னால் 66 சென்ட் கட்டியவன், இன்றைக்கு 1.66 கட்டணும். இருபத்தேழுக்கு மேல் 2.66. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான். "அப்பறம் எவன் இங்க வருவான்?" என்றார்.

அவருடையது பவர் டேபிள், அதாவது சின்னத் தையல் கூடம். 14 மெஷின், எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க், கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. பனியன் தொழிலில் நாங்கள் கடைசி வண்டிப் பெட்டி மாதிரி. இஞ்சின் நின்றால் எங்களுக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் தெரியும்.

அத்தை கேட்டார், "உன்ற வேலைக்கும் போட்டிருக்கானா கண்ணு அந்த வரி?"

"இல்லீங்க அத்தை. துணிக்குத்தானுங்க. எழுத்துக்குக் கெடையாது."

"அப்ப நீ தப்பிச்சே."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 4 வரை கரண்ட் இல்லை. லேப்டாப் மூன்று மணி நேரம் தாங்கியது. அப்புறம் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு திருப்பூரில் தம்பி வீட்டுக்கு. அங்கே போய் உட்கார்ந்தால் அவன் வீட்டில் விருந்தே ஆரம்பித்துவிட்டது. நாலு விவரம்கூட முடியவில்லை. அரிசிம்பருப்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. களிமண் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்டிக்கொண்டு இருக்கும்போது மெயில் வந்தது. குளிர்கால வரவு 60 விவரமும் 'இப்போதைக்கு வேண்டாம்'. அவர்கள் ஆர்டரையே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். சட்டை போகாவிட்டால் சட்டைக்கு எழுத என்ன இருக்கிறது? இது எனக்கு ஏழாம் தேதியே உறைத்திருக்க வேண்டும்.

அடியில் இன்னொரு வேலை. விலை ஏன் ஏறியது என்று வாடிக்கையாளர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? 180 வார்த்தை, 40 டாலர்.

எழுதினேன். 180 வார்த்தைக்கு இவ்வளவு நேரம் நான் எடுத்ததே இல்லை. அவர்கள் அனுப்பிய குறிப்பில், 'எங்கள் இந்தியத் தையல் கலைஞர்களின் கூலியில் கை வைக்க மாட்டோம் என்பதால்தான் விலையை ஏற்றுகிறோம்' என்று ஒரு வரி. நேற்று வீட்டுக்காரர் ஆறு மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு வந்தார். அந்த ஆர்டர் இவர்களுடையதில்லை, துணி வாங்கும் வேறொரு கம்பெனியுடையது. இருந்தாலும் அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. 'வரி கூடியதில் ஒரு பகுதியை நாங்கள் ஏற்றிருக்கிறோம், மீதி விலையில் சேர்ந்திருக்கிறது' என்று மட்டும் வைத்தேன். நல்லா இருக்கு என்று பதில் வந்தது. விடுபட்ட வரியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கொழுக்கட்டைக்குப் பூரணம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை, பையன் சொன்னான்.

ஆகஸ்ட் 30, சனி

சனிக்கிழமை என்றால் திருப்பூரில் சம்பளம். ஒண்ணரை ஷிப்ட் ஓடிய இடத்தில் இந்த வாரம் ஒரு ஷிப்ட், அதுவும் எட்டு மெஷின். கம்பெனியிலிருந்து பில் பாஸாகவில்லை.

ஜூலைக்கான என் 640 டாலர் நேற்றுதான் வந்தது. நேற்றே டாலர் 88 ரூபாயைத் தாண்டிவிட்டது. கழிவெல்லாம் போக 54 ஆயிரத்துச் சொச்சம். ரூபாய் விழுந்தால் எனக்கு லாபம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

"ஒரு 35 ஆயிரம் குடு, கம்பெனி பணம் வந்ததும் போட்டுடறேன்" என்றார் வீட்டுக்காரர். ஜிபேயில் அனுப்பினேன். கூலி வாங்க, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் அக்கா ஒருத்தர், சிங்கர் மெஷின் டைலர் ஆறு பேர், கை மடிக்க இரண்டு பேர். எந்த ஊரிலிருந்தும் சம்பாதிக்கலாம் என்ற வருமானம் திருப்பூர்ச் சந்து ஒன்றில் கூலியாகப் போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

வங்கியிலிருந்து போன். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று காட்டும் காரணக் குறியீடு தப்பாக விழுந்திருக்கிறதாம், நேரில் வரணுமாம்.

கவுன்டரில் இருந்த தம்பி நல்ல பையன். "ஏற்றுமதின்னு போட்டிருக்கீங்க. ஷிப்பிங் பில் இருக்குங்களா அக்கா?"

"சரக்கு எதுவும் அனுப்பலைங்க தம்பி. எழுத்து."

"புக்குங்களா?"

"இல்லைங்க. சட்டையப் பத்தி எழுதி அனுப்பறது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஒப்பந்தத்தையும் இன்வாய்ஸையும் காட்டினேன். சேவை ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் கிடையாது; விளம்பர வகை என்று பி1007 போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. சுற்றிலும் பனியன் கம்பெனி கணக்குகளாக இருக்கும் கிளையில் ஏற்றுமதி என்றாலே பெட்டி ஞாபகம்தான் வரும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை, அதுதான் எஃப்ஐஆர்ஏ, மறக்காமல் வாங்கினேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே அதை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நான் மூன்றாம் வருஷம்தான் ஆரம்பித்தேன். பழையதைத் தேடி அலைந்தது தனிக் கதை.

செப்டம்பர் 13, சனி

வருமான வரிக்கு இந்த வருஷம் ஜூலை 31-ஐ செப்டம்பர் 15 வரை தள்ளிக் கொடுத்தார்கள். தள்ளிக் கொடுத்தால் நாமும் தள்ளித்தானே போடுவோம்! இன்று ஆடிட்டர் ஆபீஸ். வாசல் வரை செருப்பு.

44ஏடிஏ பிரிவில் போடலாமா என்று கேட்டேன். வந்த வருமானத்தில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்கிற வழி அது. ஆடிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், டெக்னிக்கல் ஆலோசனை, இப்படி ஒரு பட்டியல் இருக்குதும்மா. எழுதறவங்க அதுல நேரா வரலை. ஆனா சினிமாவுக்குக் கதை வசனம் எழுதினா வரும். சினிமாவுக்குத் துணி டிசைன் பண்ணினாலும் வரும்."

"பனியனுக்கு வசனம் எழுதினா?"

சிரித்துவிட்டார். துணிந்து போடுகிறவர்கள் இருக்கிறார்களாம், அவருக்கு அது பிடிக்காதாம். வரவு செலவு எழுதி முறையாகவே போட்டார். இணையம், லேப்டாப் தேய்மானம், தளங்களின் கமிஷன் எல்லாம் செலவில் போனது. ஜிஎஸ்டிக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். அந்த உயரம் எனக்குத் தூரம்.

செப்டம்பர் 24, புதன்

டெக்சாஸிலிருந்து சத்தம் இல்லை. ஐரோப்பிய ஏஜென்சி வேலை கொடுத்தது, ஆனால் விதம் மாறிவிட்டது. முன்னால் ஒரு வார்த்தைக்கு 4 சென்ட், மொழிபெயர்ப்பு. இப்போது இயந்திரம் மொழிபெயர்த்துவிடும், நான் திருத்தினால் போதும், ஒன்றரை சென்ட். 'உங்களுக்கும் வேலை சுலபம்' என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் மெயிலில்.

சுலபத்தைப் பாருங்கள். துணி துவைக்கும் குறிப்பு. 'வாஷ் வித் லைக் கலர்ஸ்.' ஒரே மாதிரி நிறத் துணிகளோடு துவைக்க வேண்டும், அவ்வளவுதான். இயந்திரம் தந்தது: 'விருப்பமான நிறங்களுடன் கழுவவும்.' அடுத்த வரி, 'டம்பிள் டிரை லோ.' குறைந்த சூட்டில் மெஷினில் உலர்த்தணும் என்று அர்த்தம். அதற்கு: 'தாழ்வாக உருண்டு உலரவும்.' யார் உருள்வது? சட்டையா, நானா? அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அங்கப்பிரதட்சணமா கண்ணு?" என்றார்.

இந்த மாதிரிப் பிழை கண்ணில் குத்தும், சிரித்துக்கொண்டே சரி செய்துவிடலாம். சத்தமில்லாமல் வருகிற பிழைதான் ஆளைக் கொல்கிறது. ஒரு பக்கம் முழுக்க இலக்கணம் சரி, வார்த்தை சரி, ஆனால் தமிழில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எது தப்பு என்று விரல் வைக்க முடியாது. முழுசையும் திரும்ப எழுத வேண்டும், காசு மட்டும் திருத்தத்துக்கு. மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முன்னைவிட அரை மணிதான் மிச்சம். ஏஜென்சிக்கு அந்தக் கணக்கை அப்படியே எழுதி, 2.5 சென்ட் கேட்டேன். இரண்டுக்கு வந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு லேப்டாப்பையும் வைத்துப் பொட்டு வைத்தோம். இன்னும் டச்பேடில் சந்தனம்.

புது வாடிக்கையாளர் தேட்டம். இணையத்தில் வேலை பிடிக்கும் தளமான அப்வொர்க்கில் ஒன்பது வேலைக்கு எழுதினேன். அங்கே விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்கிற டோக்கன் செலவாகும், ஒன்றுக்கு 15 சென்ட். 118 போய்விட்டது. கைக்காசு 17.70 டாலர், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஒரே ஒரு பதில். இன்னொரு தளமான ஃபைவர் பக்கம் போனால் இப்படி வேலை கேட்டு எழுதாமலே இருக்கலாம், ஆனால் வந்ததில் 20 சதவீதம் அவர்களுக்கு.

மின்னூல், செப்டம்பரில் 3 பிரதி. விலை 99. இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் புத்தகம் 90 நாளைக்கு வேறெங்கும் போகாமல் கிண்டிலிலேயே இருக்க வேண்டும். போதாததற்குக் கோப்பு ஒரு எம்பிக்கு 7 ரூபாய் அனுப்புகூலி. துணி ரகம் காட்ட ஆசை ஆசையாகச் சேர்த்த படங்களைச் சுருக்கிச் சுருக்கி இப்போது இன்டர்லாக்கும் ரிப்பும் ஒரே மாதிரி தெரிகிறது.

அக்டோபர் 18, சனி

திங்கள்கிழமை தீபாவளி. போனஸ் எப்படியோ கொடுத்தாகிவிட்டது. என் பணம் கொஞ்சம், அவர் மோதிரம் கொஞ்சம். 14 மெஷினில் ஒன்பது ஓடுகிறது, உள்நாட்டு ஆர்டர். கூலி கம்மி, ஆனால் சனிக்குச் சனி வருகிறது.

நேற்று ராத்திரி டெக்சாஸ் திரும்ப வந்தது. 24 விவரம், பழைய கூலியே. துணி ரகமும் அளவும் போட்ட ஸ்பெக் ஷீட்டும் போட்டோக்களும் இருந்தன. வழக்கம்போலக் கழுத்து, கை, ஓரம் என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கவாட்டுத் தையலில் வாஷ்கேர் லேபிள். 'மேட் இன் பங்களாதேஷ்.'

முறுக்குக்கு மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். மூட நினைத்தேன், மூடவில்லை. அவரே குனிந்து படத்தை இன்னும் பெரிதாக்கினார். சந்தனத்தோடு மாவும் ஒட்டியது. கழுத்து ரிப்பைப் பார்த்தார், கைமடிப்பைப் பார்த்தார், ஓரத் தையலில் வந்து நின்றார்.

"180 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கான். படத்துல பாத்தா 160தான் இருக்கும்னு தோணுது. கேட்டுட்டு எழுது." ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்.

"சரிங்க."

"ஓவர்லாக் நல்லா விழுந்திருக்குது" என்றார், கொஞ்ச நேரம் கழித்து.

ஜிஎஸ்எம் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் முதல் விவரத்தை ஆரம்பிக்க வேண்டும்.