ஜோங்கா விஞ்சுக்குப் புது வயர் ரோப் ஏற்றிய அனுபவம்

வண்டி ஜோங்கா. நிசானிடம் உரிமம் வாங்கி ஜபல்பூரில் ராணுவத்துக்காக 1969 முதல் 1999 வரை செய்தார்களே, அதே வண்டி. 3956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ராணுவம் கழித்து ஏலம் விட்டு, கைமாறிக் கைமாறி காரைக்குடிக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. முன்பம்பரில் விஞ்ச், அதாவது ரோப்பைச் சுற்றி வண்டியையோ சுமையையோ இழுக்கும் கருவி, இருக்கிறது. பேட்டரியில் ஓடும் விஞ்ச் இல்லை. எஞ்சின் சக்தியைப் பிரித்து எடுக்கும் பிடிஓவின் லீவரைப் போட்டால், அந்தச் சக்தியே ஒரு தண்டு வழியாக முன்னால் வந்து, வார்ம் கியரைச் சுழற்றி, ரோப் சுற்றியிருக்கும் டிரம்மைச் சுழற்றும். எஞ்சின் ஓடும்வரை இழுக்கும், பேட்டரி இறங்கிவிடுமோ என்ற கவலை கிடையாது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால்தான் விஞ்சைக் கழற்றிவிட்டுப் புது எலெக்ட்ரிக் விஞ்ச் போடச் சொன்னவர்கள் பேச்சை நான் கேட்கவில்லை.

பழைய ரோப் பார்வைக்கு மோசமாக இல்லை. மேலே கறுப்பாகக் கிரீஸ் படிந்து, தொட்டால் வழவழவென்றுதான் இருந்தது. ஆனால் ஒரு பழைய ஸ்குரூடிரைவரைச் செருகிப் புரியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், உள்ளே நம் ஊர்ச் செம்மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி துரு. நடுவில் இருக்க வேண்டிய சணல் நார் காய்ந்து பொடியாகிவிட்டது. எண்ணெயைப் பிடித்து வைத்திருந்து உள்கம்பிகளுக்குக் கொடுப்பதே அந்த நார்தான். அது காய்ந்த பிறகு மேலே எவ்வளவு கிரீஸ் தடவினாலும் உள்ளே போகாது; உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாமல் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். வெர்னியர் வைத்து அளந்தேன். 10 மில்லிமீட்டர் ரோப், சில இடங்களில் 9.1 காட்டியது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ரோப்பைக் கழித்துவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று, அறுந்த கம்பிகளும் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அளக்கும்போது இரண்டு புரிகளின் மேடுகளுக்கு நடுவே வெர்னியரைப் பிடிக்க வேண்டும். பள்ளத்தில் பிடித்தால் அளவு தப்பாக வரும்.

புது ரோப் எது வாங்குவது என்பதில்தான் அதிக நேரம் போனது. இன்றைக்குப் பலரும் பிளாஸ்டிக் இழைக் கயிறு போடுகிறார்கள். எடை குறைவு, அறுந்தால் இரும்புபோல ஆளை அடிக்காது. நல்ல பொருள்தான். ஆனால் என் வண்டி பாதி நாள் வெயிலில் நிற்கிறது. இங்கே இழுக்கிற தரையும் செம்புறாங்கல் தரை, அரம் மாதிரி உரசும். வெயிலும் உரசலும் அந்தக் கயிற்றுக்கு ஆகாதவை. ராணுவ வண்டியில் இரும்பு ரோப் இருப்பதுதான் முறை என்ற ஆசையும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் வேலை பார்க்கும் ஒருவர் பழக்கம். இழுவலை விஞ்சில் தினமும் ரோப்போடு புழங்குகிறவர். துத்தநாகம் பூசிய ரோப்பையே எடுக்கச் சொன்னார். காரைக்குடியில் கடல் இல்லையே என்றேன். "கண்மாய்ச் சேறு போதாதா தம்பி? நனைஞ்ச ரோப்பைச் சுத்தி வச்சிட்டுப் போயிருவீங்க, அது உள்ளுக்குள்ளயே ஊறிக் கிடக்கும்" என்றார். நியாயம்தான். துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், சிக்ரி, நம் ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953-ல் திறந்தது. அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். துருவை அலட்சியம் செய்ய இந்த ஊர்க்காரனுக்கு மனம் வரக் கூடாது.

வாங்கியது 10 மில்லி, 6க்கு 36, இரும்பு நடுவம், கம்பியின் உறுதியில் 1770 தரம், 40 மீட்டர். 6க்கு 36 என்றால் ஆறு புரி, ஒவ்வொன்றிலும் 36 மெல்லிய கம்பி. கம்பி மெலிய மெலிய ரோப் நன்றாக வளையும். என் டிரம் உருளை 100 மில்லிதான், அவ்வளவு சின்ன உருளையில் விறைப்பான ரோப் சுற்றவே மறுக்கும். சணல் நடுவத்தை விட்டதற்குக் காரணம், நாலு அடுக்காகச் சுற்றும்போது மேல் அடுக்கின் அழுத்தத்தில் கீழ் அடுக்கு நசுங்கிவிடும். இரும்பு நடுவம் அதைத் தாங்கும். இந்த ரோப் அறுபட சுமார் 6.4 டன் வேண்டும். "12 மில்லியாப் போட்டுருங்கண்ணே, பலமா இருக்கும்" என்று கடைப் பையன் சொன்னான். பலம் இருக்கும், டிரம்மில் இடம் இருக்காது. முனையைச் செருகும் ஓட்டையும் 10 மில்லிக்குத்தான்.

பழையதைக் கழற்றுமுன் டிரம்மின் மேல்பக்கமாக வருகிறதா, கீழ்ப்பக்கமாக வருகிறதா என்று போட்டோ எடுத்து வைத்தேன். முனையைப் பிடித்திருந்த ஸ்குரூ துருப்பிடித்து இறுகியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் சூடு காட்டியதும் வந்துவிட்டது.

டிரம் வெறுமையானதும்தான் ஷியர் பின் இருக்க வேண்டிய இடம் கண்ணில் பட்டது. எனக்கு முன் வைத்திருந்த யாரோ அந்த இடத்தில் உறுதியான ஹைடென்சில் போல்ட்டை அடித்து வைத்திருந்தார்கள். இது சாதாரண விஷயமில்லை. சுமை எல்லை மீறும்போது அந்தப் பின் தான் முதலில் அறுந்து, கியரையும் ரோப்பையும் எதிரில் நிற்கும் ஆளையும் காப்பாற்ற வேண்டும். அது அறுகாவிட்டால் அடுத்து அறுவது ரோப். லேத்தில் கொடுத்து, பழைய அளவுக்கே மென்மையான இரும்பில் பின் கடைந்து போட்டேன். இரண்டு உபரியாக டூல்பாக்ஸில் கிடக்கிறது. பழைய ஜோங்கா வைத்திருப்பவர்கள் ரோப் மாற்றாவிட்டாலும் இந்தப் பின்னை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முனை வேலை சீக்கிரம் முடிந்தது. வெட்டும் இடத்துக்கு இரு பக்கமும் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வெட்டினால் புரி பிரியாது. ஹூக் பக்கம் திம்பிள் என்னும் இரும்பு வளையத்தை உள்ளே வைத்து ரோப்பை மடக்கி, 60 மில்லி இடைவெளியில் மூன்று யு கிளாம்பு. கிளாம்பின் வார்ப்புப் பகுதி சுமை தாங்கும் நீள ரோப்பின் மேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் மடித்த குட்டை முனையில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் ரோப்பையே போல்ட் நசுக்கிவிடும். சரியாகப் போட்டாலும் முனையின் பலம் 80 சதவீதம்தான், அதாவது 5.1 டன் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

இனி சுற்றுவது. என் கணக்கில் முழு வேலையின் உயிரும் இங்கேதான். கையால் தளர்வாகச் சுற்றி வைத்தால் முதல் இழுப்பிலேயே மேல் அடுக்கு கீழ் அடுக்கின் இடுக்கில் புகுந்து மாட்டிக்கொள்ளும். புது ரோப் அங்கேயே நசுங்கிப் பாழாகும். அதனால் ஓ. சிறுவயல் பக்கம் நண்பரின் தோப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். முதலில் சுருளை நிமிர்த்தி, தரையில் சக்கரமாக உருட்டியே பிரித்தோம். படுக்க வைத்து முனையை இழுத்தால் முறுக்கு விழும், அந்த முறுக்கு பிறகு நிமிராது. புளியமரத்தில் அகலமான பெல்ட்டைச் சுற்றி ஹூக்கை மாட்டினோம். ரோப்பை நேராகக் கட்டினால் பட்டை அறுந்து மரம் கெட்டுவிடும்.

சக்கரங்களுக்குச் சக்தி பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில், பிடிஓ போட்டு, எஞ்சின் ஐடிலில். நண்பர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் லேசாகக் கால் வைத்துக்கொண்டார். வண்டி தன்னைத்தானே மரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு நகர, ரோப் விறைப்போடு டிரம்மில் ஏறியது. நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டி உட்காருகிறதா என்பதே கவனம். விலகினால், "நிறுத்து மாப்ள", முழுதாக நின்ற பிறகு மரச்சுத்தியால் தட்டி ஒட்ட வைப்பது, மறுபடி ஓட்டுவது. தோல் கையுறை போட்டிருந்தாலும் ஓடும் ரோப்பில் கை வைக்கவில்லை. ரோப்பின் நடுவில் ஒரு நனைந்த சாக்கு தொங்கியது, அறுந்தால் வேகத்தைக் கொஞ்சமாவது அது வாங்கும். தோப்புப் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொல்லிவிட்டோம்.

டிரம் அகலம் 25 சென்டிமீட்டர் என்பதால் அடுக்குக்கு 25 சுற்று, மொத்தம் நாலு அடுக்குக்குள் அடங்கியது. மேல் அடுக்கில் உருளை பெருத்துவிடுவதால் இழுவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பலம் வேண்டுமென்றால் ரோப்பை நீளமாக வெளியே விட்டு இழுக்க வேண்டும். ஆனால் ஐந்து சுற்றாவது டிரம்மில் மிச்சம் இருக்கட்டும். பிடிப்பு அந்தச் சுற்றுகளில்தான் இருக்கிறது, முனை ஸ்குரூவில் இல்லை.

அப்புறம் சோதனை. செம்புறாங்கல் வெட்டிய பழைய பள்ளத்தின் சரிவில் வண்டியை அதன் விஞ்சாலேயே மேலே ஏற்றினோம். எஞ்சின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது, அவ்வளவுதான், சீராக ஏறிவிட்டது. ஷியர் பின் அறுகாமல் தாங்கியது. ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது மூன்று கிளாம்பிலும் நட்டு கொஞ்சம் இடம் கொடுத்திருந்தது. சுமை ஏறியதும் ரோப் சற்று மெலியும் என்பதால் இது நடப்பதுதான், மறுபடி இறுக்கியாயிற்று. இன்னொரு இழுப்புக்குப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். விஞ்ச் கியர்பெட்டியின் சீலில் லேசாக ஆயில் கசிகிறது, அடுத்து அதைப் பிரிக்கப் போகிறேன்.