பீப்பாயில் ஊறிய கறுப்பு பீர்: எட்டு பாட்டில் குறிப்புகள்

முதல் பாட்டிலைத் திறந்த அன்று என் குறிப்பேட்டில் மூன்றே சொற்கள்தான் எழுதினேன்: கசப்பு, கருகல், எரிச்சல். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் பதினோரு மாதம் கிடந்த இம்பீரியல் ஸ்டவுட் அது, அதாவது கருக வறுத்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சேர்த்துக் காய்ச்சிய வலுவான கறுப்பு பீர். ஆல்கஹால் 13 சதவீதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பெரிய கிளாஸில் முழுதாக ஊற்றி, சாதாரண பீர் குடிக்கிற வேகத்தில் குடித்தேன். இத்தனை பேர் இதைத் தேடித் தேடி வாங்குகிறார்களே, எதற்கு என்று புரியவில்லை. கிளாஸின் அடியில் கடைசியாக ஒரு வாய் மிச்சமிருந்தது. ஃபோன் வந்தது, பேசிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அதைக் குடித்தேன். வெனிலாவும் உலர்திராட்சையும் ஒன்றாக மூக்கில் ஏறின. அதே பீர்தானா என்று காலி கிளாஸை மறுபடி முகர்ந்து பார்த்தேன். அந்த ஒரு வாய்க்காகத்தான் அப்புறம் இத்தனையும் செய்தேன்.

அதே பீரில் இன்னும் நான்கு பாட்டில் வாங்கினேன். கூடவே, பீப்பாய்க்குள் போகாத அதே ஸ்டவுட் மூன்று பாட்டில். அது 11.5 சதவீதம். எல்லாமே 330 மில்லி. 13 சதவீத பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட 34 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் அதே அளவில் 13 கிராம்தான். அதனால் இரண்டாவது பாட்டிலிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரு தடவைக்கு 80 மில்லிதான் ஊற்றுவது, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வது, பாட்டிலைத் தம்பியோடு பங்கிட்டுக்கொள்வது.

இரண்டாவது பாட்டிலுக்குச் சமையலறைத் தெர்மாமீட்டரை எடுத்தேன். வாய் குறுகி வயிறு அகன்ற துலிப் கிளாஸ். ஊற்றும்போதே கவனித்தேன், என்ஜின் ஆயில் மாதிரிச் சத்தமில்லாமல் இறங்கியது. நுரை பழுப்பு நிறத்தில் ஒரு விரல் உயரம் எழும்பி, ஒரு நிமிடத்துக்குள் ஓரத்தில் வெறும் வளையமாக நின்றுவிட்டது. ஆல்கஹால் இவ்வளவு இருந்தால் நுரை நிற்காது. 6 டிகிரியில் கருகிய பார்லிக் கசப்பு மட்டும். 9 டிகிரியில் காப்பி தெரிந்தது. 12 டிகிரியில்தான் கதவு திறந்தது: டார்க் சாக்லேட், அதன் பின்னால் வெனிலா, விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விட்டால் தேங்காய் வாசனை. 15 டிகிரியில் உலர்திராட்சை, லேசாகக் கிராம்பு. 18 டிகிரிக்கு மேல் போனதும் ஆல்கஹால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

காரணம் சிக்கலானதில்லை. குளிரில் வாசனைப் பொருள்கள் ஆவியாகி மேலே வருவதில்லை, நாக்குக்கும் இனிப்பு சரியாக எட்டுவதில்லை. இந்த வகை பீரில் புளிக்காமல் தங்கிய மால்ட் சர்க்கரை நிறைய உண்டு. கசப்பைத் தாங்கிப் பிடிப்பதே அந்த இனிப்புதான். அதைக் குளிரால் அமுக்கிவிட்டால் கசப்பு தனியாக நிற்கும். முதல் பாட்டிலில் நான் குடித்தது பாதி பீர்தான்.

மூன்றாவது பாட்டிலைப் பீப்பாய் பார்க்காத ஸ்டவுட்டோடு அருகருகே வைத்தேன், இரண்டும் 13 டிகிரியில். மூக்கு சோர்ந்துபோனால் சொந்த முழங்கையின் உட்பக்கத்தை முகர்ந்துகொள்வேன், அது நன்றாகவே வேலை செய்கிறது. பீப்பாய்க்குப் போகாதது நேரடியான ஆள். காப்பி, கருகிய ரொட்டி ஓரம், கொஞ்சம் கரும்புப் பாகு, கடைசியில் ஹாப்ஸ் பூவின் கசப்பு. இந்தக் கருகல் சுவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் போட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கறுப்பு மால்ட்டைச் சேர்த்தாலே இந்த நிறமும் சுவையும் வந்துவிடும் என்றானது. ஆனால் வலுவான ஸ்டவுட் அதற்கும் பழையது. லண்டன் த்ரேல் ப்ரூவரியில் (பீர் ஆலையில்) ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காகத் தனியாகக் காய்ச்சிய போர்ட்டரை, அதாவது ஸ்டவுட்டுக்கு மூதாதையான கறுப்பு பீரை, குடித்ததாக 1796-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றில் இருக்கிறது. ‘இம்பீரியல்’ என்ற பெயர் அந்த அரண்மனைத் தொடர்பில் வந்தது.

பீப்பாயில் இருந்தது இதே ஆள்தான், ஆனால் குரல் தணிந்திருந்தது. கசப்பு குறைவு, ஓரங்கள் உருண்டு, நாக்கில் பட்டுத்துணி மாதிரி வழுக்கியது. விழுங்கின பிறகு ஈறுகளில் ஒரு பிடிப்பு, கடுந்தேநீர் குடித்தால் வருகிற அதே துவர்ப்பு. அது ஓக் மரத்தின் டானின்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிதாகச் செய்து உள்ளே கருக்கிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒருமுறை போர்பன் இருந்த பீப்பாய் அடுத்த போர்பனுக்கு உதவாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும், பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் போகின்றன. 1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரி ஸ்டவுட்டை அதில் ஊற்றி வைத்த பிறகு இது ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. பலகைக்குள் ஊறிக் கிடக்கும் விஸ்கி மெல்ல வெளியே வந்து பீரில் கலக்கிறது, ஆல்கஹால் கூடுவது அதனால்தான். மரத்தைக் கருக்கும்போது அதன் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் உடைந்து, வெனிலா வாசனை தரும் வெனிலின் ஆகிறது. தேங்காய் வாசனை ஓக்கில் உள்ள லாக்டோன்கள் என்ற வாசனைப் பொருள்களிலிருந்து வருகிறது. இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். படித்ததை மூக்கு தனித்தனியாகப் பிரித்துக் காட்டுமா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்காக ஒரு சின்ன ஏற்பாடு. வறுத்த ஓக் துண்டுகள் ஒரு பிடி எடுத்து, ஜாம் பாட்டிலில் வோட்கா ஊற்றி இரண்டு வாரம் ஊற வைத்தேன். மூன்றாம் நாளே வோட்கா தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம் 43 சதவீத போர்பன். பீப்பாய்க்குப் போகாத ஸ்டவுட்டை எடுத்து, ஒரு கிளாஸில் போர்பன் மட்டும், இன்னொன்றில் மரச்சாறு மட்டும், மூன்றாவதில் இரண்டும் சேர்த்துப் பார்ப்பது என்று திட்டம்.

ஒப்பிடுவதற்காகத் திறந்த நான்காவது பாட்டில் கெட்டிருந்தது. மூடியை நெம்பியதுமே நுரை பொங்கி மேசையில் வழிந்தது. நாக்கில் புளிப்பு, பீரின் அடர்த்தி போய்த் தண்ணீராகத் தளர்ந்திருந்தது. மரத்தின் நுண்துளைகளில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா, பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் மாதிரியானவை ஒளிந்துகொண்டால் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அவை மிச்ச சர்க்கரையைத் தின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும். புளிப்புக்காகவே காய்ச்சுகிற பீர்கள் இருக்கின்றன, அவை எனக்குப் பிடிக்கும். இது அந்தக் கணக்கில் சேராது. தொட்டியில் ஊற்றிவிட்டேன், மனசு கேட்கவே இல்லை.

சரி, குறிப்பேட்டை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு கலவையைச் செய்தேன். 100 மில்லி ஸ்டவுட்டுக்கு 5 மில்லி போர்பன் சேர்த்தால் கணக்குப்படி சரியாக 13 சதவீதம் வந்துவிடுகிறது. மூக்கில் விஸ்கி பளிச்சென்று அடித்தது, வாயில் சூடு. ஆனால் இரண்டும் பீருக்கு மேலே மிதந்தன, உள்ளே இறங்கவில்லை. மரச்சாறு பத்துச் சொட்டு விட்ட கிளாஸில் வெனிலாவும் தேங்காயும் வந்தன, ஈறுப் பிடிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்ததும் அசலுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பார்த்து அசந்துபோனேன். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை: 15 டிகிரியில் நான் எழுதி வைத்திருந்த உலர்திராட்சை. அது மரத்திலும் இல்லை, விஸ்கியிலும் இல்லை. மாதக்கணக்கில் பலகை வழியே கசிந்து வந்த துளித்துளிக் காற்றோடு பீர் மெல்ல மெல்ல வினைபுரிந்ததில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஷெர்ரி ஒயினிலும் அதே வாசனைக் குடும்பம் உண்டு, அதுவும் காற்றோடு பழகிய பானம்தான்.

கடைசி அசல் பாட்டில், கடைசி வெறும் ஸ்டவுட். தம்பியைப் பக்கத்து அறையில் ஊற்றச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று கிளாஸ், கிளாஸுக்கு 30 மில்லி, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு; அந்த வேறானதை நான் கண்டுபிடிக்க வேண்டும். அசலும் என் கலவையும்தான் போட்டி. “அண்ணா, அவசரப்படாதே, இன்னும் சூடேறட்டும்” என்று அவன்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் சுற்றில் தவறவிட்டேன். அடுத்த இரண்டிலும் சரியாகச் சொன்னேன், இரண்டு முறையும் காட்டிக்கொடுத்தது உலர்திராட்சைதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் குறைந்தது இரண்டு சரியாக வர சுமார் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதனால் இதை நிரூபணம் என்று எழுதவில்லை.

கிளாஸ்களைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். கலவை இருந்த கிளாஸில் பழைய காப்பி வாசனை, வேறெதுவும் இல்லை. அசல் இருந்த கிளாஸில் அடியில் ஒரு கறுப்பு வளையம் காய்ந்திருந்தது, அதிலிருந்து வெனிலாவும் ஈர மரமும் உலர்திராட்சையும் வந்துகொண்டே இருந்தன. தம்பியைக் கூப்பிட்டு எது எதென்று சொல்லாமல் நீட்டினேன். அவன் முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிட்டான்.