வளவுக்குள் ஒரு நரி

என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு, தன்னை நரி என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "நரி மாதிரின்னு இல்லம்மா, உள்ளுக்குள்ள நான் நரிதான்" என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே சாவகாசமாகச் சொல்வாள். இதைப் பற்றித் தமிழில் பெற்றோர் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் "அமெரிக்காவில் நடக்கிற கூத்தைப் பாருங்கள்" ரகம்தான். காரைக்குடியிலும் நடக்குது சாமி, அதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி உணர்பவர்களுக்குத் தீரியன் என்று பெயர். நேற்று முளைத்த விஷயமும் இல்லை, 1990-களில் ஓநாய் மனிதக் கதைகளைப் பேசுவதற்காக இணையத்தில் கூடிய ஒரு குழுவிலிருந்து கிளம்பியது. ஃபர்ரி என்று இன்னொரு கூட்டம் உண்டு, அவர்கள் கார்ட்டூன் விலங்குப் பாத்திரங்களின் ரசிகர்கள், வேஷம் கட்டுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. தீரியன் பிள்ளைகள் சொல்வது வேறு: உடம்பு மனுச உடம்புதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் உள்ளே இருக்கிற ஆள் ஓநாயோ பூனையோ நரியோ. கூடவே குவாட்ரோபிக்ஸ் என்று ஒன்று, அதாவது கையையும் காலையும் ஊன்றி நாலுகால் பாய்ச்சலில் ஓடுவது, தாண்டுவது. இது ஏதோ சின்னப் பிள்ளை ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள்தான் ஒரு ஜப்பான்காரரைக் காட்டினாள், கெனிச்சி இட்டோ என்று பெயர், 2015-இல் நாலு காலில் 100 மீட்டரை 15.71 விநாடியில் ஓடி கின்னஸில் ஏறியிருக்கிறார். ரெண்டு காலில் விட்டால் கூட எனக்கு அதைப்போல ரெண்டு பங்கு ஆகும்.

எங்கள் வீடு பழைய வீடு. பங்காளிகள் பூட்டிப் போட்டுவிட்டுச் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போன அறைகள் போக, வளவு முழுக்க எங்கள் புழக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசை, கீழே ஆத்தங்குடிக் கல். ஓடுவதற்கு இதைவிட நல்ல இடம் எந்த ஊர் நரிக்கும் கிடைக்காது. விசேஷத்துக்குப் போடும் பழைய மணைகளைத் தூணோரம் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு தாண்டுவாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. கை முதலில் விழும், பின்னாலேயே கால் வந்து சேரும், சத்தமே கேட்காது. பிரச்சினை என்னவென்றால் ஆத்தங்குடிக் கல் மிதிக்க மிதிக்கப் பளபளக்கும் சாதி, அதில் வேர்த்த கையை ஊன்றினால் வழுக்கும். ஒரு நாள் மணையோடு போய்த் தூணில் மோதினாள். அப்புறம் பார்த்தால் எழுதும்போது அடிக்கடி கையை உதறுகிறாள்.

பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனோம். அந்தம்மா சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. மணிக்கட்டு நடப்பதற்காக அமைந்த மூட்டு இல்லை, பின்னால் மடங்கிய நிலையில் உடம்பு எடை முழுக்க அதில் இறங்கினால், அதுவும் கெட்டித் தரையில், வளர்கிற பிள்ளைக்கு வலி வரத்தான் செய்யும் என்றார். கை காலை உருவிவிட்டுச் சூடேற்றிக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும், உயரத்திலிருந்து குதித்துக் கையில் இறங்கக் கூடாது, மெத்தென்ற தரை வேண்டும், வலித்தால் அன்றைக்கு லீவு. இப்போது ஓட்டமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் செம்மண் பொட்டலில், முள் பொறுக்கிக் கூட்டிவிட்ட ஒரு துண்டு இடத்தில். பாவாடையெல்லாம் சிவப்பாகிவிட்டது. போகட்டும், சோப்பு போனால் போகிறது. சாயங்காலம் ஆனால் போனும் கையுமாகக் கவிழ்ந்து கிடந்த பிள்ளை இப்போது வேர்க்க விறுவிறுக்க வந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிக்கிறாள்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வீடியோ காலில் அவள் உல்லன் நூலில் செய்து கட்டியிருந்த வாலைப் பார்த்ததும் "டாக்டர்கிட்ட காட்டு" என்றார். காட்டினேன். மதுரையில் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவர். ஓநாயாகவோ நாயாகவோ உடம்பே மாறிவிட்டது என்று உண்மையாகவே நம்புகிற ஒரு மனநோய் இருக்கிறது, மிக அபூர்வமாக வருவது, அதுவும் இதுவும் ஒன்றில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் அவளிடம், "கண்ணாடியில பார்த்தா என்ன தெரியுதும்மா?" என்று கேட்டார். "பொண்ணுதான் தெரியும். இதுல என்ன டாக்டர் சந்தேகம்?" என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நன்றாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, கூட்டாளிகள் இருக்கிறார்களா, படிப்பு எப்படி, இதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். மருந்து கொடுக்க இதில் ஒன்றுமில்லை, ஆனால் எதையாவது மறைத்துக்கொள்ள நரித் தோலுக்குள் போகிறாளா என்பதை மட்டும் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள் என்றார்.

விசாரித்தேன். அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, பக்கத்து இருக்கைப் பிள்ளைதான் சொன்னது. ஒரு பையன் தினமும் ஊளையிட்டுக் கேலி செய்திருக்கிறான், இவள் ஒரு நாள் பல்லைக் காட்டி உறுமியிருக்கிறாள், வகுப்பெடுத்தவர் இவளை மட்டும் முன்னால் கூப்பிட்டு, "எங்கே, நரி எப்படிக் கத்தும், கத்திக் காட்டு" என்று நிற்க வைத்திருக்கிறார். ஒரு பீரியட் முழுக்க. வகுப்பே சிரித்திருக்கிறது. நான் போய்ப் பேசினேன். வால் பள்ளிக்கூடத்துக்கு வராது, உறுமல் வராது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கி நிற்க வைக்கிற வேலை இனிமேல் நடக்கக் கூடாது, அதற்கு நீங்கள் பொறுப்பு என்றேன். "நீங்க வீட்டுல கண்டிச்சு வளர்த்தா எங்களுக்கு ஏம்மா இந்த வேலை" என்று பதில் வந்தது. ஊளையிட்ட பையன் வீட்டிலும் இதையே சொன்னீர்களா என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. எதற்குக் கண்டிக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான். நரி என்று சொல்வதற்காக நான் கண்டிக்கப் போவதில்லை. நான் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் என்னிடம் சான்றிதழா கேட்டாள்?

கண்டிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. டிக்டாக்கை 2020 ஜூனில் இங்கே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் ரீல்ஸும் ஷார்ட்ஸும் இருக்கிறதே, இது வந்ததெல்லாம் அந்த வழியாகத்தான். இன்ஸ்டாகிராமுக்கு 13 வயது ஆக வேண்டும் என்பது அவர்களே போட்டிருக்கிற விதி, அதனால் அவளுக்குக் கணக்கு கிடையாது, என் போனில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பாள். அப்படியும் என் கணக்கிலிருந்து ஒரு வீடியோவின் கீழே ஏதோ எழுதியிருக்கிறாள், அதற்கு யாரோ, "எங்கள் கூட்டத்தில் சேர்ந்துகொள், எத்தனை வயது, எந்த ஊர், முகமூடி போட்ட படம் அனுப்பு" என்று ஆங்கிலத்தில் கேட்டு வைத்திருந்தார்கள். அது இன்னொரு நரிக் குட்டியாகவே இருக்கலாம். நாற்பது வயது ஓநாயாகவும் இருக்கலாம். அந்தக் கணக்கைத் தடை செய்துவிட்டு, ஏன் செய்தேன் என்று உட்கார வைத்துச் சொன்னேன். நீ நரியாக இரு, ஆனால் காரைக்குடியில் எந்தத் தெருவில் நரி குடியிருக்கிறது என்று முகம் தெரியாதவருக்குச் சொல்லாதே. அழுதாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் இட்லிக்கு வந்துவிட்டாள்.

வாலைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் ரசித்த பகுதி அதுதான். உல்லன் நூலை ஒரே அளவாக வெட்டி, ஒரு கயிற்றில் நெருக்க நெருக்க முடிந்து, ஒவ்வொரு முடியாகச் சீவிப் பிரிக்க வேண்டும், பிரிந்தால்தான் ரோமம் போல உப்பும். அதற்கென்று கம்பிப் பிரஷ் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பேன்சீப்புதான் அகப்பட்டது, பாதி வாலிலேயே சீப்புக்குப் பல் போய்விட்டது. அப்பத்தா போட்ட சத்தம் ரெண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். முதல் வால் ஆரஞ்சு நிறம், நுனி மட்டும் வெள்ளை. வீடியோவில் பனியில் குதிக்கிற நரிக்கு அப்படித்தான் இருக்கும்.

நான்தான், "அது சீமை நரிடி, நம்ம பக்கத்து நரி வேற" என்று எடுத்துக் காட்டினேன். வங்கா நரி என்று நம் நாட்டு நரி, இந்தியத் துணைக்கண்டத்தை விட்டால் வேறெங்கும் கிடையாது. சாம்பலும் பழுப்புமான உடம்பு, வால் நுனி கறுப்பு. காடு பிடிக்காது, முள்ளும் புல்லுமாகக் கிடக்கும் வறண்ட வெட்டவெளிதான் அதற்கு வீடு, வளை தோண்டிக் குட்டி போடும், எலி, ஓணான், ஈசல், பழம் எல்லாம் தின்னும். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனவள், கொஞ்ச நாள் கழித்து ஆரஞ்சு வாலைப் பிரித்துப் போட்டுவிட்டாள். கடைக்குப் போய்ப் பழுப்பு நூலும் கறுப்பு நூலும் வாங்கி மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சீப்பு அவள் உண்டியல் காசில். இப்போது பேருந்தில் போகும்போதெல்லாம் பொட்டலைப் பார்த்துக்கொண்டே வருகிறாள், இங்கே வளை இருக்குமா, எலி கிடைக்குமா, அந்த இடத்தில் பிளாட் கல் நட்டுவிட்டார்களே நரி எங்கே போகும் என்று. திருவிழாக் கடையில் நரிப்பல் என்று எதையோ விற்ற ஆளிடம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 தெரியுமா உங்களுக்கு என்று கேட்டு எங்களை ஓட்டமும் நடையுமாகக் கிளம்ப வைத்தாள்.

அப்பத்தாவை வைத்துத்தான் எனக்குப் பயமே இருந்தது. அவருக்குச் சீப்பு போன கோபமும், வயசுக்கு வரப்போகிற பிள்ளை இப்படிக் குதிக்கிறதே என்ற விசனமும்தான், நரி அவருக்கு ஒரு விஷயமே இல்லை. "நரி முகத்துல முழிச்சா நல்லதுன்னு சொல்லுவாக. தெனம் இவ முகத்துலதான் முழிக்கிறேன், ஒண்ணையும் காணோம்" என்று அவரே கிண்டலடிப்பார். மாணிக்கவாசகர் கதையைச் சொன்னதும் அவர்தான். குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தை மந்திரி கோயில் கட்டிச் செலவழித்துவிட, சிவபெருமான் நரிகளைக் குதிரையாக்கிக் கொண்டுவந்து ராஜாவிடம் ஒப்படைத்த கதை. அதெல்லாம் ராத்திரியே மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிட்டன. பெரியவர்களுக்கு இது பக்தி, இவளுக்கு வேறு. "பாருங்க அப்பத்தா, குதிரையா மாத்துனாலும் அது நரியாவேதான் இருந்திருக்கு."

"ஆமாத்தா. ராசாவுக்குக் குதிரை போச்சு, மந்திரிக்குச் செறை. நரிக்கு என்ன, ஓடிருச்சு" என்றார் அப்பத்தா, பாக்கு வெட்டிக்கொண்டே.

அந்தக் கோயில் இருக்கிற ஆவுடையார்கோயில் எங்களுக்கு எட்டுகிற தூரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனோம். ஊரே அண்ணாந்து பார்க்கிற கொடுங்கையை, அதாவது கல்லில் செதுக்கிய கூரை விளிம்பை, அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மர வேலையைக் கல்லில் செய்த மாதிரி இருக்கும், வேறு கோயில் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் ஸ்தபதிகள் இது நீங்கலாகத்தான் எழுதிக் கொடுப்பார்களாம், அப்படிப்பட்ட கொடுங்கை. இவள் தூண் தூணாக நரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள்தான் அதிகம். போகலாம், இருக்கலாம், எனக்குத் தெரியாது, ஆனால் சரியாவதற்கு இதில் என்ன கெட்டிருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. அவள் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், கணக்கில் எப்போதும் போலச் சுமார். இவர்களைவிடப் பெரிய தொல்லை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. பெரியப்பா முறையில் ஒருவர், மேல்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பூனை என்று சொல்லிக்கொள்கிற பிள்ளைகளுக்குக் கழிவறையில் மண் தொட்டி வைக்கிறார்கள் என்று ஒரு செய்தியை மாதம் ஒருமுறை தவறாமல் போடுவார், கூடவே "கலி முத்திப்போச்சு" என்று ஒரு வரி. அது சுத்தப் புரளி. 2022-இல் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒரு செனட்டர் இதைச் சட்டமன்ற விவாதத்திலேயே பேசி, விசாரித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்து, மன்னிப்புக் கேட்டார். ரஷ்யாவில் 2024-இல் குவாட்ரோபிக்ஸைத் தடை செய்ய வேண்டும் என்றே அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். பிள்ளைகள் நாலு காலில் ஓடினால் பெரியவர்களுக்கு எவ்வளவு வேலை வந்துவிடுகிறது பாருங்கள்.

அடுத்த மாதம் வீட்டுக்காரரின் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். வால் வருமா வராதா என்று எனக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்து, ஒரு வழியாக முடிந்திருக்கிறது: முகூர்த்தத்துக்குப் பட்டுப்பாவாடை, வால் பைக்குள், முகமூடி வீட்டில். பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில் அவள் வயதுப் பிள்ளைகளோடு இஷ்டம் போல ஓடலாம், ஆனால் கைக்குச் சூடேற்றிவிட்டுத்தான். அந்தப் பெரியப்பாவும் வருவார். நெப்ராஸ்காச் செய்தியைப் போனில் சேமித்து வைத்திருக்கிறேன்.