பாண் போறணையடியில் படித்த லீன்

முகாமைத்துவ டிப்ளோமாவில் லீன் (விரயத்தைக் குறைத்து வேலை செய்யும் முறை), செயற்றிட்ட முகாமைத்துவம் இரண்டும் சேர்ந்து வரும் வினாத்தாளில் முதல் தடவை எனக்குக் கிடைத்தவை 38 புள்ளிகள். கலைச்சொற்கள் எல்லாம் மனப்பாடம்தான். மாலை தோறும் திருகோணமலை உட்துறைமுக வீதியில் நடந்து நடந்து ஒப்பித்தவை. வினாத்தாளோ வரைவிலக்கணம் கேட்கவில்லை. ஒரு தொழிற்சாலையின் கதையைச் சொல்லி, இதில் எது முரா (சீரின்மை), எது முரி (மிகைச்சுமை) என்று கேட்டது. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த தடவைக்கு உப்புவெளியில் மாமா நடத்தும் வெதுப்பகத்தில் போய் உட்கார்ந்தேன், 67 கிடைத்தது. வேலை உண்மையில் நடக்கும் இடத்துக்கு லீனில் கெம்பா என்று பெயர். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்களையும் இரண்டே விடியற்காலைகளில் அங்கு பார்த்துவிட்டேன். விற்காது என்று தெரிந்தும் சுடும் பாண், மிகை உற்பத்தி. போறணை சூடாகும்வரை கைகட்டி நிற்பது காத்திருப்பு. மா மூட்டையை முன்வாசலில் இறக்கிப் பின்கட்டுக்குச் சுமப்பது கொண்டுசெல்லல். மூலையில் மாதக்கணக்காகக் கிடக்கும் மூட்டைகள் இருப்பு. தட்டு எடுக்க ஒவ்வொரு முறையும் முற்றத்தைக் கடப்பது வீண் அசைவு. யாரும் கேட்காமலே பணிஸுக்கு இரண்டாம் தரம் சீனிப்பாகு பூசுவது மிகைச் செயலாக்கம். கருகியவை குறைபாடு. நான் குறிப்பெடுப்பதைப் பார்த்து மாமா கேட்டார்: "மருமகன், நீர் படிக்க வந்தீரா, பிழை பிடிக்க வந்தீரா?"

முடா, முரா, முரி மூன்றும் ஜப்பானியச் சொற்கள், தமிழோடு உறவில்லாதவை. ஆனாலும் நினைவுக்காக நான் கட்டிய முடிச்சு இது. முடா விரயம்: பணமும் நேரமும் முடங்குகின்றன. முரா சீரின்மை: திங்கட்கிழமை 300 பாண், சனிக்கிழமை 900 என்று நாளுக்கு நாள் முரண்படுகிறது. முரி மிகைச்சுமை: ஆளோ இயந்திரமோ முறிந்துபோகும். விரிவுரைக் குறிப்புகள் முடாவோடு நின்றுவிடுகின்றன. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஏனென்றால் முராதான் மற்ற இரண்டையும் உண்டாக்குகிறது. சனிக்கிழமையின் அவசரம் முரியாகிறது, திங்கட்கிழமை வேலையில்லாமல் சும்மா இருப்பது முடாவாகிறது. இந்தத் தொடர்பை எழுதினால் புள்ளி கிடைக்கும்.

நேரம் பற்றிய மூன்று சொற்களும் இப்படித்தான் குழப்பும். டக்ட் ஜெர்மன் சொல், இசையில் தாளம். இங்கே தாளம் போடுபவர் வாடிக்கையாளர். ஆறு மணி நேர வேலையில் 720 பாண் வேண்டுமென்றால் 21,600 விநாடியை 720ஆல் வகுக்க, டக்ட் நேரம் 30 விநாடி. ஒரு பாணுக்கும் அடுத்த பாணுக்கும் இடையில் உண்மையில் எடுக்கும் 40 விநாடி, சைக்கிள் டைம். அது டக்ட்டைத் தாண்டினால் வாசலில் வரிசை நிற்கும். வாடிக்கையாளர் கேட்டதிலிருந்து பாண் கைக்கு வரும் வரையான மொத்த நேரம் லீட் டைம். வினாத்தாளில் இலக்கங்கள் இருந்தால் முதலில் எது வாடிக்கையாளர் கேட்கும் அளவு, எது செயல்நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கான்பானையும் (அடுத்து எதைச் செய்வது என்று காட்டும் அட்டை முறை) ஐந்து எஸ்ஸையும் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஐந்து படிகள்) ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

செயற்றிட்டப் பகுதிக்கும் மாமாவே உதவினார். மாரி மழைக்கு முன் புதிய போறணை கட்ட நினைத்தார். மழை வரலாம் என்பது இடர். மழை வந்து சீமெந்து நனைந்துவிட்டது என்றால் அது பிரச்சினை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர். அடித்தளம் 5 நாள், கட்டுவது 10, காயவிடுவது 7. மொத்தம் 22 நாள், அதுவே தீர்வுப் பாதை (critical path): இதில் ஒரு நாள் பிந்தினாலும் முழு வேலையும் பிந்தும். தட்டுகள் கொழும்பிலிருந்து வர 12 நாள். முதல் நாளே சொல்லிவிட்டால் அவை 10 நாள் தாமதித்தாலும் பாதகமில்லை. அந்த 10 நாள் அவகாசம்தான் மிதவை (float).

கட்டும் வேலைக்கு 10 நாள் என்பது 1958இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பேர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறையின் கணக்கில் வந்தது: விரைவாக நடந்தால் 6, வழக்கமாக 9, மோசமாகப் போனால் 18. நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். பரீட்சையில் நான்கால் பெருக்காமல் வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 11 வரும், பிழை. மாமாவின் மேசன் முடித்ததென்னவோ பதினொராம் நாள்தான்.