மாறாத குறி, மாறும் சட்டை

இலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கத்தில் அப்பாவின் பட்டியில் நிற்கும் ஊர் மாடுகளின் காதுமடலிலும் மடியிலும் உண்ணி இல்லாத நாள் கிடையாது. ஆயினும் உண்ணியால் அவற்றில் ஒன்று நோய்ப்பட்டுப் படுத்ததாக எனக்கு நினைவில்லை. நான் ஆசைப்பட்டு வெளிமாவட்டத்திலிருந்து வாங்கிவந்த ஜேர்சிக் கலப்புப் பசுவோ, பட்டியில் சேர்ந்து ஒன்றரை மாதத்துக்குள் தீன் மறுத்து, மூச்சிரைத்து, பால் வற்றி, ஐந்தாம் நாள் செத்துப்போயிற்று. கண்ணின் உள்ளிமை முதலில் வெளிறியது, பின்னர் மஞ்சளித்தது. சிறுநீர் மட்டும் சிவக்கவில்லை. அதைக் கேட்டதுமே மிருக வைத்தியர், இது சிறுநீரைச் சிவக்கவைக்கும் பபீசியா என்னும் உண்ணி நோயாக இராது, அனாப்பிளாஸ்மா என்னும் பற்றீரியாவாகத்தான் இருக்கும் என்றார். குருதிப் பரிசோதனையும் அதையே காட்டியது. பற்றீரியாவைக் கொல்லும் ஒட்சிரெட்ராசைக்கிளின் மருந்தை ஏற்றியபோது காலம் பிந்திவிட்டது.

“ஊர் மாட்டுக்கு ஒண்டும் வராது, வந்த மாட்டுக்குத்தான் வரும்” என்றார் அப்பா. அது பாதி உண்மை என்பதை அறிய எனக்குப் பல மாத வாசிப்புத் தேவைப்பட்டது.

(பத்திரிகைகள் ‘உண்ணிக்காய்ச்சல்’ என்று எழுதும் மனிதரின் நோய் வேறு. அதன் பற்றீரியாவும் வேறு, அதைப் பரப்பும் சிற்றுயிரும் வேறு.)

அனாப்பிளாஸ்மா மார்ஜினாலே என்னும் இந்தப் பற்றீரியாவை 1910இல் தென்னாபிரிக்காவில் ஆர்னோல்ட் தைலர் விவரித்தார். செங்குருதிக் கலத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவதால் அதற்கு அந்தப் பெயர். நுணுக்குக்காட்டியில் எந்த நாட்டு மாட்டின் குருதியிலும் அது அதே புள்ளிதான். வேறுபாடு மரபணுவில் இருக்கிறது.

வன்னியில் காட்டில் மேயவிட்ட மாடு இன்னாருடையது என்று அறியக் குறி சுடுவது வழக்கம். இந்தப் பற்றீரியாவிலும் அப்படியொரு குறி உண்டு. அதன் மேற்பரப்பிலுள்ள எம்எஸ்பி1ஏ என்னும் புரதத்தில், பெரும்பாலும் 28 அல்லது 29 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வருகின்றன. எத்தனை துண்டுகள், எந்த வகைத் துண்டுகள், எந்த ஒழுங்கில் என்பது பற்றீரியாவின் இனத்துக்கு இனம் (அதாவது ஒரே பற்றீரியாவின் உள்வகைக்கு உள்வகை) வேறுபடும். உலகெங்கும் 200இற்கும் மேற்பட்ட துண்டு வகைகள் அறியப்பட்டுள்ளன. மாட்டின் உடலிலும் உண்ணியின் உடலிலும் இருக்கும் காலத்தில் இந்த வரிசை மாறுவதில்லை என்பதால், ஒரு பட்டியின் தொற்று இன்னொரு பட்டியின் தொற்றோடு உறவுடையதா என்று அதைக் கொண்டு சொல்லலாம்.

குறி மாறாது, சட்டை மாறும். எம்எஸ்பி2 என்னும் இன்னொரு புரதத்தை மாட்டின் உடல் அடையாளங்கண்டு எதிர்க்கத் தொடங்கியதும், பற்றீரியா தன் மரபணுத்தொகுதியில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய துண்டுகளை எடுத்துக் கோத்து, புதிய வடிவத்தில் அப்புரதத்தை ஆக்கிக்கொள்கிறது. பாம்பு சட்டை உரிப்பதைப் போன்ற இந்த வேலையால், சில வாரங்களுக்கு ஒருமுறை குருதியில் பெருகியும் அடங்கியும், பிழைத்த மாட்டில் அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. எங்கள் ஊர் மாடுகளுக்கு ஒன்றும் வரவில்லை என்பது தவறு. கன்றாக இருக்கையிலேயே வந்து, போகாமல் நிற்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட கன்றுக்கு இந்நோய் பெரும்பாலும் இலேசாகவே வந்துபோகும். இரண்டு வயதைத் தாண்டிய பின் முதன்முறையாகத் தொற்றினால் கொல்லவும் கூடும். நான் கொண்டுவந்தது மூன்றாம் ஈற்றுப் பசு.

அது முன்பே வேறொரு இனத்தின் தொற்றைக் கண்டிருந்தாலும் முழுப் பாதுகாப்புக் கிடைத்திராது. ஓரினத்துக்கு எதிராக உண்டான எதிர்ப்பு மற்றோர் இனத்தை எப்போதும் தடுப்பதில்லை. தைலர் பிரித்தெடுத்த, நோய் குறைவாகத் தரும் அனாப்பிளாஸ்மா சென்ட்ராலே என்னும் நெருங்கிய உறவுப் பற்றீரியா, நூறாண்டு கடந்தும் இஸ்ரேலிலும் அவுஸ்திரேலியாவிலும் உயிர்த் தடுப்பூசியாகப் பயன்படுகிறது. அதுவும் நோயின் கடுமையைக் குறைக்குமே அன்றித் தொற்றை முற்றாக மறிக்காது.

ஒரு மாட்டில் ஓரினம் குடிகொண்டுவிட்டால் அதையொத்த இன்னோர் இனம் அதில் நுழைவது கடினம். வெகுவாக வேறுபட்டது மட்டும் நுழையக்கூடும். ஆகவே ஓரிடத்தில் பல இனங்கள் காணப்படுவதற்கு மாடுகளின் போக்குவரத்தே பெருங்காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். போர் முடிந்த 2009இன் பின் மீள்குடியேறியவர்கள் பட்டிகளை மறுபடி உருவாக்கியபோது மாடுகள் எங்கெங்கிருந்தோ வந்தன என்பதை நினைத்தால், வன்னி மாட்டின் குருதியில் பல ஊர்க் குறிகள் இருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

பரப்புவதில் நமக்கும் பங்குண்டு. மாட்டுண்ணி ஒரே மாட்டிலேயே வளர்ந்து முதிர்வது. ஆனால் ஆண் உண்ணி மாடு விட்டு மாடு ஊர்ந்து போய் நோயைக் கொண்டுசேர்க்கும். கழுவாத ஊசியும், காதில் இலக்கத் தகடு குத்தும் கருவியும் அதே வேலையைச் செய்யும். எங்கள் பட்டியில் ஓர் ஊசியால் எட்டு மாடுகளுக்கு மருந்து ஏற்றிய நாளை நான் மறக்கவில்லை, ஏற்றியவன் நான்தான்.

இம்முறை வெளியூர் போகவில்லை. பக்கத்துப் பட்டியில் பிறந்த ஐந்து மாத நாகு ஒன்றை வாங்கினேன். அதன் காதுமடலில் ஏழு உண்ணிகள் இருந்தன. அப்பா மூன்றைப் பிடுங்கி நெருப்பில் போட்டார், மற்றவற்றை விட்டுவிட்டார்.